சதுக்கத்துக்குச் சிற்பம்: எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

எங்கள் நகரின் நடுவே உள்ள சதுக்கத்தைச் சீரமைத்து அங்கே பெரிதாக ஒரு சிற்பம் நிறுவப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதிலிருந்து டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் இரண்டு கேள்விகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாருடைய சிலை? எத்தனை அடி? இந்த இரண்டையும் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம், முதலில் அந்த இடத்தைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இரும்பை உருக்கி வார்க்கிற பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்து கொடுப்பவன். கோவை கணபதிப் பகுதியில் பட்டறை. பம்ப் பாடி, மோட்டார் பாடி, வால்வு, கிரைண்டர் பாகம் என்று எதை இரும்பில் வார்ப்பதானாலும் அதே உருவத்தை முதலில் மரத்தில் செதுக்கியாக வேண்டும், அதை மண்ணில் பதித்துத்தான் அச்சு எடுப்பார்கள். சிற்பக் கல்லூரியில் படித்தவன் இல்லை. ஆனால் காகிதத்தில் அழகாக இருக்கிற ஒரு வடிவம் உருக்கி ஊற்றி, ஆறி, தூக்கி நிறுத்தி, வெயிலிலும் மழையிலும் நிற்கிற வரைக்கும் என்னென்ன பாடு படும் என்பது தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பேச்சு கிளம்பிய பிறகு அந்தச் சதுக்கத்தில் போய் வேறு வேறு நேரங்களில் நின்று பார்த்தேன். காலையில் பஸ் ஸ்டாப் பக்கமிருந்து கடைவீதிக்குப் போகிறவர்கள் எல்லோரும் சதுக்கத்தைக் குறுக்கே வெட்டித்தான் நடக்கிறார்கள், அதிகாரிகள் போட்டு வைத்த நடைபாதையில் ஒருவரும் சுற்றிப் போவதில்லை. அவர்கள் நடந்து நடந்தே தரையில் ஒரு தடம் விழுந்திருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் நடுவில் ஒரு ஆள் நிற்பதில்லை, எல்லோரும் கிழக்கு ஓரத்து வேப்பமரத்தடியில் ஒண்டிக்கொள்கிறார்கள். சாயங்காலம் டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகள், வேலை முடிந்து வண்டிக்குக் காத்திருக்கிற மில் பெண்கள், எட்டு மணிக்கு மேல் தள்ளுவண்டி டிபன் கடைகள். அப்போது சதுக்கத்தின் மேற்குப் பாதி மட்டும் நிறைந்து வழிகிறது. ஆக, வரைபடத்தில் நட்டநடுவில் வட்டம் போட்டு 'சிற்பம்' என்று எழுதியிருப்பார்களே, அந்த இடம்தான் ஆள் நிற்காத இடம், அதே சமயம் எல்லோரும் குறுக்கே நடக்கிற இடமும் அதுதான்.

வேப்பமரத்தடியில் பூ கட்டி விற்கிற அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். சிலை வரப்போகுதாமே என்றதும் அவர் கேட்டது இதுதான்: "ஏனுங்ணா, அது வந்தா நெழலு கெடைக்குங்களா?" யாருடைய சிலை என்று அவர் கேட்கவில்லை. வடிவமைப்பாளர் யாராக இருந்தாலும் அவர் மேசையில் முதல் வரியாக எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய கேள்வி அது என்று நினைக்கிறேன். மாசி, பங்குனி தொடங்கி நம் பக்கம் அடிக்கிற வெயிலில், நிழலே தராத ஒரு பொருளைச் சதுக்கத்தின் நடுவில் நிறுத்தினால் அதைச் சுற்றி யார் நின்று பார்ப்பார்கள்? எல்லோரும் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு தூரத்திலிருந்து பார்க்கிற சிற்பத்துக்கு அத்தனை செலவு எதற்கு?

பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்று யோசித்துச் சிற்பம் செய்கிற அறிவை வெளிநாட்டிலிருந்து வாங்கி வர வேண்டியதில்லை. சேலத்துக்குப் பக்கத்தில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துத் தூண்கள். ஒரு தூணில் வாலி, இன்னொரு தூணில் வில்லோடு இராமன். இராமன் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான், வாலி இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரிவதில்லை. மறைந்து நின்று அம்பு விட்ட கதையை உருவத்தில் மட்டும் சொல்லாமல், தூணுக்கும் தூணுக்கும் நடுவில் விட்ட இடைவெளியிலேயே சொல்லிவிட்டான் அந்தச் சிற்பி. கல்லைச் செதுக்கியது பாதி வேலைதான், நாம் எந்த இடத்தில் நின்று பார்ப்போம் என்று கணக்குப் போட்டது மீதி வேலை. பேரூர்க் கனகசபை மண்டபத்திலும் அப்படித்தான், மேலே தொங்குகிற கல் சங்கிலியைப் பார்க்க நாம் கழுத்தை அண்ணாந்தே ஆக வேண்டும், அந்த அண்ணாப்பையும் சேர்த்துத்தான் அவன் செய்திருக்கிறான். இப்படிப்பட்ட வேலைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கேட்டலாக்கில் படம் பார்த்து ஆர்டர் கொடுக்கிற வேலையைச் சதுக்கத்துக்குச் செய்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இடத்தைப் பார்க்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. ரிச்சர்ட் செர்ரா மிகப்பெரிய சிற்பி, அதில் சந்தேகமே இல்லை. நியூயார்க்கில் ஒரு அரசு அலுவலக வளாகத்தின் முன்சதுக்கத்தில் 1981இல் 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்கு வளைந்த எஃகுச் சுவர் ஒன்றை நிறுவினார். சதுக்கத்தைக் குறுக்கே கடந்து பழகிய அலுவலக ஊழியர்கள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தச் சங்கடத்தைத்தான் சிற்பி வேண்டும் என்றே செய்தார், நடக்கிறவன் தன் நடையை உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் அங்கே தினமும் வேலைக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. புகார், மனு, 1985இல் பொது விசாரணை. விசாரணையில் பேசியவர்களில் பெரும்பாலோர் சிற்பம் இருக்கட்டும் என்றே சொன்னார்கள், அப்படியும் 1989இல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். சிற்பிக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம். நம் சதுக்கத்தில் அந்தக் குறுக்குத் தடத்தை மறிக்காமல் வேலை செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். முடிந்தால் அந்தத் தடத்தையே வடிவத்தின் முதுகெலும்பாக எடுத்துக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் உருவங்கள், நடுவில் ஜனங்கள் நடக்கட்டும்.

இன்னொன்று. நம் ஊர்களில் பொது இடம் என்றால் தேர் வரும், சாமி ஊர்வலம் வரும், கூட்டம் போடுவார்கள், பொங்கலுக்குக் கரும்புக் கடை வரும். கோவையில் தேர்நிலைத் திடல் என்று பெயரே இருக்கிறது, கோனியம்மன் தேர் நிற்கிற இடம். மாசித் தேர் திரும்புகிற வளைவு எவ்வளவு இடம் கேட்கும், வடம் பிடிக்கிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்பது அந்தந்த ஊர்ப் பெரியவர்களுக்கு அத்துப்படி. ஆண்டுக்கு ஒருமுறை வருவதுதானே என்று வரைபடம் போடுகிறவர் விட்டுவிடக் கூடாது. அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்தத் திடலே இருக்கிறது.

சரி, எதில் செய்வது? இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இப்போது பெரும்பாலும் பைபரில், அதாவது கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில், செய்துவிடுகிறார்கள். சீக்கிரம் முடியும், விலை குறைவு, தூக்கி வைப்பது சுலபம். வீட்டுக்குள், மண்டபத்துக்குள் என்றால் குறை சொல்ல மாட்டேன். திறந்த வெளியில் நம் வெயிலுக்கு மேல்பூச்சு வெளுத்து மாவு மாதிரி உதிரும், பெயிண்ட் வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பும். ஒரு ஊர் முச்சந்தியில் காங்கேயம் காளை ஒன்றைப் பார்த்தேன், ஊரின் பெயர் வேண்டாம். கொம்பு ஒன்று முறிந்து உள்ளேயிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, திமிலில் இரண்டு நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்கள், கழுத்தைச் சுற்றிப் பிளக்ஸ் கட்டிய சணல் கயிறு. நிஜமான காங்கேயம் மாட்டைத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போகிறார்கள்.

நான் இரும்பு வார்ப்பைச் சொல்வேன். தொழில் பாசத்தால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, காரணங்களைக் கேளுங்கள். பவுண்டரி இல்லாத கோயம்புத்தூரை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது, இந்தியா முழுக்கத் தண்ணீர் இறைக்கிற பம்புகளுக்கு இங்கேதான் வார்க்கிறோம். அதற்கும் முன்னால், சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் 2000 ஆண்டுகளுக்கும் முன்பே இரும்பும் எஃகும் உருக்கியிருக்கிறார்கள், அகழாய்வில் உலைகளே கிடைத்திருக்கின்றன. அதே ஆற்றின் படுகையில் இன்றைக்கும் உலை எரிகிறது. இந்த மண்ணில் ஒரு சதுக்கத்துக்கு இரும்பில் செய்யாமல் வேறு எதில் செய்வது?

வார்ப்பிரும்பு வெளியில் நிற்குமா என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் கிராஸ்பி கடற்கரையில் ஆன்டனி கோர்ம்லி ஆளுயரத்தில் 100 வார்ப்பிரும்பு உருவங்களை நிறுத்தியிருக்கிறார், ஒவ்வொன்றும் 650 கிலோ, அலை ஏறும்போது உப்புத் தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுகின்றன, 2005இலிருந்து அங்கே நிற்கின்றன. உப்புக் காற்றே இல்லாத நம் ஊரில் ஏன் நிற்காது? ஆனால் வார்ப்பிரும்புக்கு ஒரு குணம் உண்டு, அதை வரைகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். பாரத்தைத் தாங்குவதில் அதற்கு நிகர் குறைவு, ஆனால் வளைத்தால் வளையாது, ஒடிந்துவிடும். அதனால் மெல்லிசாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிற கை, பறக்கிற துணி எல்லாம் இதற்கு ஆகாது. கட்டையாக, நிலத்தில் கால் ஊன்றி நிற்கிற, ஒன்றின் மேல் ஒன்று அமர்கிற வடிவங்கள்தான் பொருந்தும். பொருளின் குணத்துக்கு வடிவம் கட்டுப்பட்டால் அது அழகாகவே வரும், இது எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம்.

பேட்டர்ன் செய்வது பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரும்பு ஆறும்போது சுருங்கும், மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அதனால் மரத்தை அந்த அளவு பெரிதாகச் செதுக்குவோம், அதற்கென்றே கோடுகள் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்ட தனி ஸ்கேல் வைத்திருப்போம். மண்ணிலிருந்து பேட்டர்ன் அச்சைக் கலைக்காமல் கழன்று வர வேண்டும், அதற்காகப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு கொடுப்போம். ஒரு பக்கம் தடிமனாகவும் பக்கத்திலேயே மெல்லிசாகவும் இருந்தால் ஆறும்போது உள்ளே குழி விழும். மூலை கூராக இருந்தால் அங்கேதான் வெடிப்பு பிடிக்கும், அதனால் ஒவ்வொரு மூலையையும் உருட்டிவிடுவோம், அந்தக் காலத்தில் மெழுகும் தோல் பட்டையும் வைத்து, இப்போது புட்டி வைத்து, கடைசியில் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்போம். விரலுக்கு உறுத்தாத மூலை இரும்புக்கும் வெடிக்காது. அதே மூலையில்தான் நாளைக்கு ஒரு குழந்தை கையை வைக்கும், ஏறி உட்காரும். உலைக்குத் தேவையானதும் குழந்தைக்குத் தேவையானதும் ஒன்றாக இருப்பதால்தான் பொது இடத்துக்கு வார்ப்பு சரி என்கிறேன்.

குழந்தைகள் ஏறுவார்களா என்று கேட்கவே வேண்டாம், ஏறுவார்கள். சிகாகோவில் பிக்காசோ வடிவமைத்துக் கொடுத்த 50 அடி எஃகுச் சிற்பம் 1967இலிருந்து நடுச்சதுக்கத்தில் நிற்கிறது, அதன் சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள், யாரும் விரட்டுவதில்லை. நம் ஊரில் சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போடுகிறோம். எத்தனையோ தலைவர்கள் கூண்டுக்குள் நிற்கிறார்கள், அந்த நிலைமைக்குக் காரணங்கள் இருக்கலாம், ஆனால் புதிதாக ஒன்று வடிவமைக்கும்போதே கூண்டு தேவைப்படாத மாதிரி யோசிக்க வேண்டும். ஏறுவார்கள் என்று தெரிந்தே செய்தால் உயரத்தை அதற்கேற்ப அடக்கலாம். குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளாமல் இருக்க, மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட சந்துகள் எங்கேயும் வரக் கூடாது என்பது விளையாட்டுத் திடல்களுக்கு உள்ள விதி, அதை இதற்கும் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் தேங்குகிற குழி ஒன்றுகூட மேல்பக்கம் இருக்கக் கூடாது, இருந்தால் டெங்கு கொசுதான் குடியேறும். உள்ளே கூடாக இருந்தால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். துரு வழிந்து தரை கறைபடும் என்பதால் அடியில் கருங்கல் தளமும் ஒரு விரற்கடை வாய்க்காலும் போட்டுவிட வேண்டும். இவை எல்லாம் சின்ன விஷயங்கள்தான், இவற்றை விட்டுவிட்டால்தான் ரெண்டாம் வருஷமே சிற்பம் பாழாகத் தெரியும்.

பளபளக்கிற ஸ்டீல் வேண்டும் என்று இளைஞர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள். சிகாகோவில் அனிஷ் கபூர் செய்த கண்ணாடி மாதிரியான அந்த வேலையின் படம் எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. அற்புதமான வேலை, 168 ஸ்டெயின்லெஸ் தகடுகளை ஒட்டிப் பற்றவைப்பே தெரியாமல் தேய்த்திருக்கிறார்கள், 2004இல் திறந்து 2006இல்தான் முழுமையாக முடித்தார்கள். ஆனால் கை படுகிற கீழ் ஆறடியைத் தினமும் இரண்டு தடவை துடைக்க ஆள் வைத்திருக்கிறார்கள். நம் மத்தியான வெயிலில் அந்தப் பளபளப்பைத் தொட முடியுமா, எதிரே வருகிற வண்டிக்காரர் கண்ணில் அடித்தால் என்ன ஆகும், தினமும் துடைக்கப் போவது யார், இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் செய்யட்டும். சேலத்திலேயே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை இருக்கிறது, தகட்டுக்கு எங்கேயும் போக வேண்டாம்.

கல்லையும் மறக்கக் கூடாது. அவிநாசி போகிற வழியில் திருமுருகன்பூண்டியில் நாள் முழுக்க உளிச்சத்தம் கேட்கிறது, கோயில் விக்கிரகங்கள்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். அந்தக் கைகளுக்கு ஒரு சதுக்கத்தின் உட்காரும் திட்டையும் பீடத்தையும் கொடுத்துப் பாருங்கள். இரும்பு மேலே, கருங்கல் கீழே, பூண்டிக்காரர்களும் கணபதிக்காரர்களும் சேர்ந்து வேலை செய்தால் அதுவே நம் பக்கத்து வேலையாக இருக்கும்.

உயரம் பற்றி. பெரிதாக வேண்டும் என்பவர்கள் கன்னியாகுமரியைக் காட்டுகிறார்கள். 133 அடி வள்ளுவர் கடலில் பாறை மேல் நிற்கிறார், சுற்றிலும் வானமும் தண்ணீரும், அந்த உயரம் அந்த இடத்துக்கு வேண்டும். நாலு பக்கமும் ஜவுளிக்கடை போர்டும் மின்கம்பமும் நெருக்குகிற சதுக்கத்தில் 30 அடி சிலை வைத்தால் கீழே நிற்கிறவனுக்கு முகவாய்க்கட்டைதான் தெரியும். மேசை மேல் வைத்த ஒரு அடி மாதிரி அழகாக இருந்தது என்று அப்படியே பெருக்கக் கூடாது, கீழேயிருந்து பார்க்கும்போது தலை சிறுத்துவிடும், கோபுரத்தில் சுதை வேலை செய்கிற எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்வார். காற்றும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று எப்படி என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூருக்கு, கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரம் பற்றிய ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதி சொல்கிற அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். உயரம் கூடக் கூட அஸ்திவாரத்தில்தான் பணம் போகும், கண்ணுக்குத் தெரியாத கான்கிரீட்டில். சண்டிகரில் இருக்கிற திறந்த கைச் சிற்பம் 26 மீட்டர், அது காற்றை எதிர்க்காமல் காற்றோடு சேர்ந்து திரும்புகிற மாதிரி செய்திருக்கிறார்கள், அதன் அடியில் ஜனங்கள் கூடிப் பேச ஒரு பள்ளமான மன்றமும் உண்டு. உயரம் வேண்டும் என்றால் அப்படியாவது யோசிக்க வேண்டும்.

சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959 குடியரசு தினத்துக்கு முதல் நாள் திறந்தது. ராய் சௌத்ரி செய்தது. பாறையை நெம்புகிற நாலு பேர், அவர்களில் யாருக்கும் பெயர் கிடையாது. அதனால்தான் அறுபது வருஷம் கழித்தும் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் எந்த ஊர்க்காரர் வந்தாலும் அது தன்னுடையது என்று நினைக்கிறார். நம் சதுக்கத்துக்கும் இப்படிப்பட்ட பொதுவான ஒன்றுதான் வேண்டும் என்பது என் ஆசை. பெரிய பம்ப், பெரிய பனியன், பெரிய முட்டை, பெரிய மஞ்சள் கிழங்கு என்று அந்தந்த ஊர் உற்பத்தியை ஊதிப் பெருக்கி வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை, அது கடைக்கு முன்னால் வைக்கிற விளம்பரம். உழைப்பைக் காட்டலாம், ஆற்றைக் காட்டலாம், நொய்யலில் அணையும் குளமும் ஒன்றிலிருந்து ஒன்று நிறைந்து போகிற அந்த ஏற்பாட்டையே தரையில் ஓடுகிற வடிவமாக்கலாம். நல்ல சிற்பிக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நல்ல சிற்பி எப்படிக் கிடைப்பார் என்பதுதான் கடைசியில் பெரிய கேள்வி. இப்போது நடக்கிற முறையில் டெண்டர் விடுவார்கள், அடிக்கு இவ்வளவு என்று ரேட் வரும், குறைந்த ரேட்டுக்கு வேலை போகும். பவுண்டரியில் பம்ப் பாடியைக் கிலோ கணக்கில் விலை போடுவது சரி, ஏனென்றால் அதன் டிராயிங் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. டிராயிங்கே இல்லாத ஒன்றை அடிக்கணக்கில் டெண்டர் விட்டால் உயரம் கிடைக்கும், யோசனை கிடைக்காது. வடிவமைப்பைத் தனியாகவும் செய்து நிறுத்துவதைத் தனியாகவும் பிரித்துவிடுங்கள். முதலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு அழைப்பு. வருகிற வரைபடங்களில் பெயரை மறைத்துவிட்டு, நம்பர் மட்டும் போட்டு, நடுவர்கள் பார்க்கட்டும். அமெரிக்காவில் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்துக்கு 1981இல் இப்படித்தான் செய்தார்கள். 1,421 பேர் வரைபடம் அனுப்பினார்கள், தேர்வானது மாயா லின் என்ற 21 வயது கல்லூரி மாணவியுடையது, பெயரைப் பார்த்திருந்தால் அவருக்குக் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். இன்றைக்கு உலகமே போய்ப் பார்க்கிற அந்தக் கறுப்புக் கல் சுவருக்குக் கல் போனது பெங்களூரிலிருந்து. சென்னையிலும் கும்பகோணத்திலும் மாமல்லபுரத்திலும் சிற்பம் படித்துவிட்டு நம் பக்கம் திரும்பி வந்து, கல்யாண மேடை அலங்காரம் செய்து பிழைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நேர்மையான வாய்ப்பு கொடுங்கள். கடைசிச் சுற்றுக்கு வருகிற மூன்று, நாலு பேருக்கு மாதிரி செய்ய ஒரு தொகையும் கொடுத்துவிட வேண்டும், சும்மா செய்யச் சொல்லக் கூடாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது, தெரு விளக்கு, போக்குவரத்து, தெருவை அழகுபடுத்துதல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. எந்த இடம் சாலை, எந்த இடம் சதுக்கம் என்று ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொண்டால் பாதி வேலையில் வழக்கு வந்து நிற்காது. சிற்பியோடு போடுகிற ஒப்பந்தத்தில் பராமரிப்பும் இருக்கட்டும். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கட்டட வேலை என்று பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் நீதிமன்றம் போனார், 2005இல்தான் தீர்ப்பு. 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் மிச்சமிருந்த துண்டுகளைத் திருப்பித் தரவும் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. படைப்பைச் சிதைத்தால் படைத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு என்று சட்டமே சொல்கிறது. ஆண்டுக்கொருமுறை மழை முடிந்ததும் கழுவி, துருவைத் தட்டி, மெழுகு பூச இத்தனை ரூபாய் என்று முதல் நாளே ஒதுக்கிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியிராது. பிளக்ஸ் கட்டவும் வண்டி சாத்தவும் இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு யாருக்கு என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும்.

வார்ப்பதற்கு முன்னால் அதிகச் செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. தேர்வாகிற வடிவத்தை முழு அளவில் மூங்கிலும் சாக்குத் துணியும் வைத்து அதே இடத்தில் ஒரு வாரம் கட்டி நிறுத்துங்கள். நம் ஊர்ப் பந்தல்காரர்கள் ஒரே ராத்திரியில் கட்டிவிடுவார்கள். ஜனங்கள் எப்படிச் சுற்றி நடக்கிறார்கள், நிழல் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் விழுகிறது, பஸ் டிரைவருக்கு எதிர்ச்சாலை மறைகிறதா, குழந்தைகள் எந்த இடத்தில் கால் வைத்து ஏறப் பார்க்கிறார்கள் என்று எல்லாம் அந்த வாரத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் கயிற்றை அவிழ்த்து நாலடி தள்ளிக் கட்டிக்கொள்ளலாம். வார்த்த பிறகு தள்ளி வைக்க முடியாது.

தங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். சதுக்கத்தின் வரைபடம் வெளியானதும் அதை அளவுகளோடு அரைப்பக்கத்துக்காவது அச்சிடுங்கள், அதே படத்தைப் பஸ் ஸ்டாப்பிலும் பெரிய போர்டாக வைக்க அதிகாரிகளிடம் கேளுங்கள், அந்தப் பூக்கார அக்காவும் பார்த்துச் சொல்லட்டும். தேர்வாகிற வடிவத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவில் மர மாதிரி செய்து கொடுக்க நான் தயார், கூலி வேண்டாம், தேக்குத் துண்டுகள் பட்டறையில் இருக்கின்றன. எங்கள் தெருவில் இன்னும் சில பேட்டர்ன் பட்டறைக்காரர்களிடம் பேசினேன், அவர்களும் கை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிற்பி யார் என்று முடிவானதும் அவரை ஒருநாள் கணபதிப் பக்கம் வரச் சொல்லுங்கள், உலையில் ஊற்றுகிற நேரம் பார்த்து பவுண்டரிக்கு நாங்களே கூட்டிப் போகிறோம்.

இப்படிக்கு,
பேட்டர்ன் பட்டறைத் தொழிலாளி,
கணபதி, கோவை.